காலிக் கேரியரின் சத்தம்

ஐந்தாவது ஷாட்டில் தாத்தாவின் இடக்கையில் இருந்த டிபன் கேரியர், ஆறாவது ஷாட்டில் வலக்கைக்கு வந்திருந்தது. கதைப்படி இரண்டுக்கும் இடையே ஒரு விநாடிதான். நாங்கள் எடுத்ததோ மூன்று நாள் இடைவெளியில். எந்தக் கையில் தூக்கினார் என்பதை நால்வரில் ஒருவரும் குறித்து வைக்கவில்லை. எடிட்டிங்குக்கு உட்கார்ந்த முதல் மாலையே இதைக் கண்டுபிடித்தோம். அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

நாங்கள் மலேசியாவின் பினாங்குத் தீவில் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பில் ஊடகப் பாடம் படித்தவர்கள். எங்களுக்குத் தரப்பட்ட வேலை இது: இன்னும் எடுக்கப்படாத ஒரு படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும், பெயர்களோடு சேர்த்து, இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் எடுக்க வேண்டும். பிறருடைய பாட்டையோ படத்தையோ எடுத்து ஒட்டக் கூடாது. இரண்டு நிமிடம்தானே என்று தொடங்கினோம். முடிக்க ஏழு வாரம் ஆனது. அடுத்து இந்த வேலையில் இறங்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு எங்கள் ஏழு வாரத்தில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கதை சிறியது. விடியுமுன் ஒரு முதியவர் சமையலறையில் சோறும் குழம்பும் கேரியரில் அடுக்குகிறார். ஜார்ஜ்டவுன் தெருக்களில் நடந்து, ஃபெர்ரி ஏறி, கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போகிறார். திரும்பி வரும்போது கேரியர் காலி. பேத்தி கதவைத் திறக்கிறாள். "பசிக்கிறதம்மா, சோறு இருக்கிறதா?" என்று கேட்கிறார். அவள் கேரியரைப் பார்க்கிறாள். அங்கே படத்தின் பெயர் வருகிறது: அக்கரை.

கொண்டுபோன சோற்றை அவர் உண்ணவில்லை என்றால் உண்டது யார்? இந்தக் கேள்வியைப் பார்ப்பவர் மனத்தில் ஊன்றிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. ஆனால் இவ்வளவு தெளிவாக இதைச் சொல்ல எங்களுக்கு ஐந்தாவது வாரம்தான் வாய்த்தது. அதுவரை தொடக்கக் காட்சி என்றால் ஊரையும் ஆளையும் அறிமுகப்படுத்துவது என்றே நினைத்திருந்தோம். முதல் வெட்டு நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடியது. அதில் கொம்தார் கட்டடம் இருந்தது, பினாங்குப் பாலம் இருந்தது, ஆர்மீனியன் தெருச் சுவரோவியம் இருந்தது, குவீன் தெரு மகாமாரியம்மன் கோவில் கோபுரத்தின் மேல் புறா பறப்பது இருந்தது. தாத்தா வருவதற்கே ஐம்பது விநாடி ஆனது. எங்கள் விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "இந்த ஊரைத் தெரிந்தவனுக்கு இது வேண்டாம். தெரியாதவன் ஊரைப் பற்றி இன்னும் கேட்கவே இல்லை" என்றார். கோபுரத்து ஷாட்டுக்காக நான் இரண்டு காலை வெயிலில் நின்றிருந்தேன். அதை நீக்கும் பொத்தானை அழுத்த என்னால் முடியவில்லை, தோழிதான் அழுத்தினாள். அது போன பிறகு படம் மூச்சுவிட ஆரம்பித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உழைத்து எடுத்தோம் என்பது ஒரு ஷாட் படத்தில் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

இன்னொரு பிழை எழுத்திலேயே நேர்ந்தது. கதை எழுதியபோது எங்கள் நால்வரின் மனத்திலும் இருந்தது பழைய ஃபெர்ரி. பக்கவாட்டில் திறந்த மேல்தளம், முகத்தில் அறையும் காற்று, கீழ்த்தளத்தில் கார்கள், கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்க்கும் தாத்தா. 1894 முதல் ஓடும் சேவை அது. சிறு வயதில் நாங்கள் எல்லோரும் ஏறியிருக்கிறோம். ஆனால் கார் ஏற்றும் அந்தக் கப்பல்கள் 2020 இறுதியோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் பயணிகளுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மட்டுமானவை. பயணிகள் உட்காருவது கண்ணாடி அடைத்த, குளிரூட்டிய அறையில். எழுதி முடித்து, ஷாட் பட்டியல் போட்டு, அதன் பிறகுதான் ஏறிப் பார்த்தோம். குளிர்ச்சாதனத்தின் இரைச்சல், கண்ணாடியில் எங்கள் கேமராவின் பிம்பம், எதிர் இருக்கையில் உறங்கும் தொழிலாளர்கள். நாங்கள் எழுதிய காட்சிக்கு அங்கே இடமே இல்லை. படகில் எடுக்க அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தையும் தாமதித்திருந்தோம். பதிலுக்குக் காத்திருக்க நாளில்லை.

அதனால் தாத்தாவைப் படகில் ஏற்றவில்லை. வெல்ட் கீ என்ற கடலோரச் சாலையில், ஃபெர்ரி முனையத்துக்குத் தெற்கே சீனக் குடும்பங்கள் மரக்கால்களின் மேல் வீடு கட்டி வாழும் சியூ ஜெட்டி இருக்கிறது. அங்கிருந்த ஒரு வீட்டுப் பாட்டியிடம் மலாயில் அனுமதி கேட்டு, பலகைப் பாதையின் கோடியில் கேமராவை வைத்தோம். கடலில் ஃபெர்ரி சிறிதாகப் போகிறது, அவ்வளவுதான். தாத்தா அதற்குள் இருக்கிறார் என்று பார்ப்பவரே நினைத்துக்கொள்கிறார். படகுக்குள் எடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் சொல்கிறேன், முதலில் இடத்தைப் போய்ப் பாருங்கள். நீங்கள் எடுக்கப்போகும் அதே நேரத்தில், அதே கிழமையில் போய்ப் பாருங்கள். கண்ணை மூடிப் பத்து நிமிடம் காதால் கேளுங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.

விடியற்காலை என்று எழுதுவது எளிது, பிடிப்பது அரிது. 1982 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவும் கிழக்கே இருக்கும் சபா, சரவாக்கின் நேரத்தையே பின்பற்றுகிறது. அதனால் மேற்கு ஓரத்தில் இருக்கும் பினாங்கில் சூரியன் எழ ஏழேகால் ஆகிவிடுகிறது. அதற்கு முன் வானம் நீலமாக இருந்து, முகமும் தெரிந்து, தெருவிளக்கும் அழகாக இருக்கும் பொழுது, பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் ஏறத்தாழ இருபது நிமிடம்தான். முதல் நாள் அந்த இருபது நிமிடத்தை முக்காலியைத் திறப்பதிலும் எங்கிருந்து எடுப்பது என்று வாதிடுவதிலும் கழித்தோம். இரண்டாம் நாள் முந்தின மாலையே போய், கேமரா நிற்கும் இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் குறி போட்டு வந்தோம். காலை ஆறரைக்கு எல்லாம் தயார். மூன்று ஷாட் கிடைத்தது. ஒரு விடியலுக்கு மூன்று ஷாட், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் வேறு இரண்டு தொல்லைகள். இரவு முழுவதும் குளிரூட்டிய அறையில் இருந்த கேமராவைக் காலையில் சமையலறைக்கு எடுத்து வந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. நம் ஊரின் ஈரக் காற்றில் அது தானாகத் தெளிய இருபது நிமிடமாவது பிடிக்கிறது. மறுநாளிலிருந்து கேமராப் பை கூடத்தில்தான் தூங்கியது. அடுத்தது விளக்கு. எடுத்த காட்சியில் குழல்விளக்கின் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடியது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது. எங்கள் கேமராவோ விநாடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் திறந்திருப்பது விநாடியில் அறுபதில் ஒரு பங்கு என்று, அந்தத் துடிப்போடு பொருந்தாமல் வைக்கப்பட்டிருந்தது. 25 ஃபிரேம், ஐம்பதில் ஒரு பங்கு என்று மாற்றியதும் பட்டைகள் மறைந்தன. இதைக் கேமராவின் சிறிய திரையில் கவனிக்க முடியாது. முதல் ஷாட் எடுத்ததும் மடிக்கணினியில் போட்டு, பெரிதாக்கிப் பாருங்கள்.

தாத்தாவாக நடித்தவர் என் சொந்தத் தாத்தா. துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்றவர். கேமராவுக்கு முன் நின்றதே இல்லை. நான் செய்த பெரிய தவறு, "தாத்தா, கொஞ்சம் சோகமாக நடங்கள்" என்று சொன்னது. அவர் தலையைக் குனிந்து, தோளைத் தொங்கப்போட்டு நடந்தார். பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஏழு முறை நடந்த பிறகு அவரே நின்று, "ஏம்மா, இதில் ஒன்றுமே இல்லையே. எதைத் தூக்கிக்கொண்டு போகிறேன் நான்?" என்று கேட்டார். கேரியர் வெறுமையாக இருந்தது. கனம் வேண்டாம், வயதானவர் கை வலிக்கும் என்று நாங்களே காலியாகக் கொடுத்திருந்தோம். பாட்டி எழுந்து போய் நான்கு அடுக்கிலும் சோறு, சாம்பார், கத்தரிக்காய்ப் பிரட்டல், ரசம் என்று சுடச் சுட நிரப்பிக் கொண்டுவந்தார். ரசம் சிந்தக் கூடாதே என்று தாத்தா நடந்த நடையை நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, படியில் ஒரு கணம் நின்று, கைமாற்றி… அந்தக் கைமாற்றம்தான் முதல் பத்தியில் சொன்ன தொல்லைக்குக் காரணம். ஆனாலும் அதை விடமாட்டேன். நடிப்புப் பழகாதவரிடம் உணர்ச்சியைக் கேட்காதீர்கள். செய்ய ஒரு வேலையையும் கையில் உண்மையான ஒரு பொருளையும் கொடுங்கள். மீதியை அவருடைய உடம்பு பார்த்துக்கொள்ளும்.

கைமாறிய பிழையைச் சரிசெய்ய, இடையில் ஒரு ஷாட் தேவைப்பட்டது. தாத்தாவின் கால்கள் ஐந்தடிப் பாதையின், அதாவது கடைவீடுகளின் முன் கூரைக்கடியில் ஓடும் நடைபாதையின், பூவேலைத் தரையில் நடப்பதை மட்டும் எடுத்து இடையில் வைத்தோம். இரண்டு விநாடி கையே தெரியவில்லை. அதற்குள் கேரியர் மாறிவிட்டது. இப்படிப்பட்ட துண்டு ஷாட்கள், அதாவது கால், கை, சுவர்க் கடிகாரம், அடுப்பு போன்றவை, ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் உயிர் காப்பவை அவைதான்.

நடக்கும் திசையையும் இதோடு சொல்லிவிடுகிறேன். தாத்தா கடலை நோக்கிப் போகும் எல்லா ஷாட்டிலும் திரையின் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். ஒரே ஒரு ஷாட்டைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம்; அதில் அவர் வலமிருந்து இடமாக நடந்தார். பார்த்தவர்கள் எல்லோரும், "மறந்துபோய் வீட்டுக்குத் திரும்புகிறாரா?" என்றே கேட்டார்கள். ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து வெளியே வந்தவர் அடுத்த கணமே பினாங்குத் தெருவில் நடக்கிறாரே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரின் வரைபடத்தை மீறினால் மன்னித்துவிடுகிறார்கள், திரையின் திசையை மீறினால் குழம்பிப் போகிறார்கள்.

இனி ஒலி. நாங்கள் மிகக் குறைவாக யோசித்ததும் எங்களுக்கு மிக அதிகமாகக் கற்றுத் தந்ததும் அதுதான்.

ஜார்ஜ்டவுனின் இந்தியக் கடைத்தெருப் பகுதியான லிட்டில் இந்தியாவில் எடுத்த காட்சியை முதலில் வெட்டி ஒட்டியபோது காது கூசியது. ஒவ்வொரு வெட்டிலும் பின்னணியில் வேறு பாட்டு. ஒரு பாட்டின் பல்லவியில் கால் வைத்த தாத்தா இன்னொரு பாட்டின் சரணத்தில் அடுத்த கால் வைத்தார். கடைகள் வாசலில் ஒலிபெருக்கி வைத்திருப்பது நமக்கு ஊரின் வாசனை போல. பழகிப்போய்க் காதில் விழுவதே இல்லை. மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவை எல்லாம் உரிமையுள்ள சினிமாப் பாடல்கள் என்பது அடுத்த சிக்கல். ஒரு கடை அண்ணனிடம் போய், "அண்ணே, பத்து நிமிடம் பாட்டை நிறுத்த முடியுமா?" என்று கேட்டோம். முகம் சுளிக்காமல் நிறுத்தினார். அப்போதுதான் அடுத்த கடைப் பாட்டு கேட்டது. அதை நிறுத்தினால் அதற்கடுத்தது. கடைசியில் கடைகள் திறக்குமுன் விடிகாலையில் மறுபடி எடுத்தோம். தெருவே வேறாக இருந்தது. பூக்கட்டும் அக்கா கூடையை இறக்கும் சத்தம், இரும்புக் கதவு ஏறும் சத்தம், எங்கோ ஒரு குயில்.

அன்று எங்களில் ஒருவன் ஒரு காரியம் செய்தான். கேமரா எதையும் எடுக்காத நேரத்தில் தன் கைப்பேசியை ஒரு தூணின் அருகே வைத்து, ஐந்து நிமிடம் தெருவின் ஒலியை மட்டும் பதிவு செய்தான். பிறகு அந்த ஒரே நீளமான ஒலியை எல்லா வெட்டுகளுக்கும் அடியில் விரித்தான். துண்டு துண்டாக இருந்த ஆறு ஷாட்டும் ஒரே காலைப்பொழுது ஆகிவிட்டன. சமையலறைக்கும் அப்படியே. ஆள் பேசாத, பாத்திரம் அசையாத ஒரு நிமிடம். குளிர்சாதனப் பெட்டியின் முனகல், தொலைவில் பள்ளிவாசல் பாங்கொலி. எந்த இடத்தை விட்டுப் புறப்படுமுன்னும் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் நின்று அந்த இடத்தின் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வோர் இடத்தின் மௌனமும் வேறு. சியூ ஜெட்டியில் மட்டும் தோற்றோம். கடற்காற்று மைக்கில் அறைந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியவில்லை. மைக்குக்குக் கம்பளி உறை வாங்கியிருந்தால் போதும். அந்த இடத்தில் இப்போது கேட்கும் அலை, வேறொரு நாள் எஸ்பிளனேடு கடற்சுவருக்குக் கீழே, காற்றுக்கு மறைவில் உட்கார்ந்து பதிவு செய்தது.

கேரியரின் ஓசையும் அப்படித் தனியே பதிவு செய்ததுதான். படுக்கையறையில் ஜன்னலை மூடி, மெத்தையைச் சுவரில் சாய்த்து, ஒரு சாண் தூரத்தில் மைக் வைத்து, மூடி மூடுவது, கொக்கி விழுவது, தூக்கும்போது கைப்பிடி முனகுவது என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். ஹாலிவுட்டில் இந்தக் கலையைத் தொடங்கிவைத்த ஜாக் ஃபோலியின் பெயரால் இதை ஃபோலி என்றே அழைக்கிறார்கள். அப்படிப் பதிவு செய்துகொண்டிருந்த இரவில்தான் ஒன்றைக் கவனித்தேன். நிறைந்த கேரியர் நடக்கும்போது சத்தமே இல்லை. கொஞ்சம் தளதளப்பு, அவ்வளவுதான். காலிக் கேரியர் ஒவ்வோர் அடிக்கும் கலகலக்கிறது. வீட்டுக்கு வரும் தாத்தாவின் முகத்தைக் காட்டவே வேண்டாம். படியில் அந்தச் சத்தம் ஏறி வந்தால் போதும். காலி என்பது தெரிந்துவிடும். பேத்தி கேரியரைத் திறந்து பார்க்கும் எட்டு விநாடி ஷாட்டை அன்றிரவே தூக்கிவிட்டோம். சமையலறையில் கேட்ட ஓசையும் படியில் கேட்கும் ஓசையும் வேறு என்பதைப் பார்ப்பவரின் காதே கண்டுகொண்டது. எங்கள் படத்தின் கேள்வி அந்தச் சத்தத்தில்தான் இருந்தது. ஐந்து வாரமாக அதை முகங்களில் தேடிக்கொண்டிருந்தோம்.

பின்னணி இசையால் ஒரு சண்டை வந்தது. தோழி வயலின் கேட்டாள், நான் ஒன்றுமே வேண்டாம் என்றேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. எங்கள் குழுவில் ஒருவன் தைப்பூசத்துக்கு உருமி மேளம் அடிப்பவன். வளைந்த குச்சியால் உருமியின் தோலைத் தேய்த்து ஒரு நீண்ட முனகலைப் பதிவு செய்து அனுப்பினான். ஃபெர்ரி தூரத்தில் போகும் ஷாட்டில் வைத்தபோது அது கப்பலின் ஊதல் போலவும் யாரோ விம்முவது போலவும் இருந்தது. தோழி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சண்டை அதோடு முடிந்தது. எங்கள் சொந்த இசை, யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. பதினொரு விநாடிதான் வருகிறது. நால்வரும் சமமாக இயக்குகிறோம் என்று தொடங்கியதுதான் இத்தகைய சண்டைகளுக்கு வேர் என்பதையும் சொல்ல வேண்டும். படப்பிடிப்பில் ஒருவர் சொல், எடிட்டிங்கில் ஒருவர் சொல், ஒலியில் ஒருவர் சொல் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்திடுங்கள். நட்பைக் காப்பாற்றுவதும் படத்தின் வேலைகளில் ஒன்றுதான்.

பெயர்கள் கடைசி வேலை என்று நினைத்தோம்; இரண்டு இரவு தின்றது. எங்கள் எடிட்டிங் மென்பொருளில் "அக்கரை" என்று அடித்தால் 'ரை'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றது. "ஒளிப்பதிவு", "படத்தொகுப்பு" எல்லாம் சிதைந்தன. தமிழில் கொம்பு, எழுத்தின் இடப்பக்கம் வந்து உட்கார வேண்டும். அதைச் செய்யும் நுட்பம் எல்லா மென்பொருளிலும் தானாக இயங்குவதில்லை. சிலவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேடி இயக்க வேண்டியிருக்கிறது. எங்களுடையதில் அதுவும் இல்லை. எழுத்தைச் சரியாகக் காட்டும் வேறொரு செயலியில் பெயர்களைத் தட்டி, பின்னணி இல்லாத படங்களாகச் சேமித்து, கொண்டுவந்து வைத்தோம். ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாமே என்று வகுப்பில் சொன்னார்கள். கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். கணினியில் தமிழ் எழுத அத்தனை பேர் உழைத்த நாட்டில் இருந்துகொண்டு, ஒரு கொம்பு நகரவில்லை என்பதற்காகத் தாய்மொழியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பெயர்களை அடையாள அட்டையில் உள்ளபடி அ/லெ, அ/பெ (மலாயில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதன் சுருக்கம்) என்று போடாமல், தந்தை பெயரின் முதலெழுத்தோடு போட்டோம். பாட்டியின் பெயரும் இருக்கிறது: சமையல் என்ற தலைப்பில்.

ஒவ்வொரு பெயரும் இரண்டரை விநாடியாவது நிற்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. உரக்க ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்த்து அந்த நேரத்தைக் கொடுங்கள். பெயர் வரும்போது ஆள் முக்கியமான வேலை எதையும் செய்யக் கூடாது. கண் ஒன்றைத்தான் பார்க்கும்.

முடிந்த படம் ஒரு நிமிடம் ஐம்பத்தாறு விநாடி. கறுப்புத் திரையில் கொக்கி விழும் ஓசையோடு தொடங்குகிறது. மதிப்பெண் வந்த நாளைவிட, தாத்தாவுக்குப் போட்டுக் காட்டிய மாலைதான் எனக்கு நினைவில் இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "சரியம்மா, அந்தச் சோற்றை நான் யாருக்குக் கொண்டுபோகிறேன்?" என்றார்.

எங்கள் நால்வரிடமும் நான்கு பதில்கள் இருந்தன. நான் என்னுடையதைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தி, "இரு, பாட்டியும் வரட்டும்" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.